அன்னபாக்கியம் அக்காவின் தொண்ணூற்றெட்டு மெஷின்

அன்னபாக்கியம் அக்காவின் கலியாண லிஸ்டை நான்தான் விற்றேன் என்று நம்புகிறவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள். பதினேழு வருஷமாகிவிட்டது. காலி வீதியில் என்னைக் கண்டால் ஒரு அம்மா குடையைச் சரித்துக்கொண்டு மற்றப் பக்கம் மாறிப் போவார். மீன் வாங்குகிற இடத்தில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே, "உவர்தான் அந்தக் கொட்டாஞ்சேனை ஆள்" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். நான் திரும்பவில்லை. மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். முதலில் ரேடியோ, பிறகு டீவி, பிறகு கம்ப்யூட்டர் என்று கழற்றிப் பார்த்துத் தொழில் பழகியவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. என்றாலும் அக்காவைப் பற்றி எழுத வேறு ஆளில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயரில் ஒட்டிய சேற்றைக் கழுவவா என்று கேட்டால், அதுவும் கொஞ்சம் உண்டு.

அக்கா எனக்கு உறவில்லை. அவர் யாழ்ப்பாணம், சாவகச்சேரிப் பக்கம். எங்கள் பாட்டன் இந்தியாவிலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து கொட்டாஞ்சேனையில் தங்கியவர். அறுபது தாண்டிய அன்னபாக்கியத்தை ஊரே அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் தனியே இருந்தார். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடும். கதவுக்கு வெளியே எப்போதும் ஒரு சோடி செருப்புத்தான் கிடக்கும்.

அவர் கலியாணம் பேசி வைக்கிறவர். புறோக்கர் என்று சொன்னால் கோபம் வரும். கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே என்று மாப்பிள்ளைகள் அங்கே. பெண்கள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாடகை அனெக்ஸ்களில், விசாவுக்குக் காத்துக்கொண்டு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அக்காவின் டெலிபோன். ஆனால் கலியாணம் முடிந்த பிறகு அக்காவைத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒருவருக்கும் விருப்பமிராது. மாப்பிள்ளையைத் தாங்களே தேடிப் பிடித்த மாதிரிக் கதைப்பார்கள். நூற்றுக்கு மேல் கலியாணம் முடித்து வைத்தவர், நான் அறிய ஒரு கலியாணத்தில் போயிருந்து சாப்பிட்டதில்லை.

அவருடைய மெஷின் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து விண்டோஸில் ஓடியது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த நாகேந்திரம் என்ற பேங்க் உத்தியோகத்தர், சாதகக் குறிப்புப் பார்க்கிற புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி அதில் போட்டுக் கொடுத்திருந்தார். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டு, உள்ளே இருக்கிற அறுநூறு பேரில் யாருக்கு யார் பொருந்தும் என்று சொல்லும். அந்த மனுஷன் லண்டனுக்குப் போய்விட்டார். போன பிறகு ஒரு தபால்கூட இல்லை. புரோகிராம் மட்டும் நின்றது. புது மெஷினில் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை வந்து அப்படியே நிற்கும்.

ஒருமுறை அதைத் துப்புரவாக்கும்போது முதலாம் இலக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தேன். அன்னபாக்கியம். புரோகிராமைச் சோதிக்க அந்த மனுஷன் இவருடைய நாளையும் நேரத்தையும் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் இருக்கும்: பார்க்கப்படுகிறது, பேச்சில், முடிந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே 'பார்க்கப்படுகிறது' என்று கிடந்தது. அவர் அதை மாற்றவுமில்லை, அழிக்கவுமில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குறிப்பு அந்தப் புரோகிராமில். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஃபைல் இருந்தது. அதன் பெயர் 'விசாரிப்பு'. இந்தச் சனத்துக்குக் குறிப்புப் பொருந்தினால் மட்டும் போதாது, நாலு பக்கமும் விசாரிக்க வேண்டும். விசாரித்ததையெல்லாம் அக்கா அதில் எழுதி வைப்பார். 'பெடியன் குடிப்பான், விழுந்து கிடக்கிற குடி இல்லை.' 'தாய் வாய்க்காரி.' 'முதல் ஒரு கலியாண எழுத்து நடந்து முறிந்தது.' இப்படி.

நிரோஜினி என்ற பெண்ணுக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: 'தம்பி இரண்டாயிரமாம் ஆண்டிலிருந்து அங்கே. கேட்டால் சுவிஸ் என்று சொல்லவும்.'

அந்த வருஷங்களில் 'அங்கே' என்றால் எங்கே என்று வெள்ளவத்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வன்னி. ஆயுதம் தூக்கிய இயக்கம். நிரோஜினியும் தாய் சரோஜினிதேவியும் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அனெக்ஸில் இருந்தார்கள். பொலிஸ் பதிவில் அந்த வீட்டுக்கு இரண்டே பெயர். மகன் என்று ஒருவன் இருப்பதையே அவர்கள் வெளியில் சொல்வதில்லை. டொரொண்டோ மாப்பிள்ளை ஒருவருக்கு நிரோஜினியைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வரியைக் கண்டதும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னக்கா இது? இதையெல்லாமா எழுதி வைப்பாங்க?"

"மறந்துபோய் மாத்திச் சொல்லக்கூடாதெல்லே தம்பி. ஒரு இடத்திலை சுவிஸ் எண்டும் மற்ற இடத்திலை பிரான்ஸ் எண்டும் சொன்னால் பொய் எண்டு பிடிச்சிடுவினம்."

பொய்யை ஒழுங்காகச் சொல்வதற்காக உண்மையை எழுதி வைத்த மனுஷி அவர்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, யாழ்ப்பாணம் போகிற ஏ-ஒன்பது பாதை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர், சாமான் எடுக்கிற கடை ராசிக் எனக்குச் சொன்னான். "இராமரண்ணே, தொண்ணூத்தெட்டு மௌத்தாப் போச்சு. கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான். இனி ஓட்டை விழுந்தா அடைக்க ஆளில்ல." வைரஸ் தடுக்கிற புரோகிராம் செய்கிறவர்களும் அந்தப் பழைய விண்டோஸுக்கு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த நாளே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்க வீட்டுப் பூட்டு பழுது. பூட்டுச் செஞ்சவன் கடையை மூடிட்டுப் போய்ட்டான். எந்த இடத்துல இழுத்தா திறக்கும்னு கள்ளனுக்கெல்லாம் தெரியும்."

"நல்லதுதானே. ஆமி வந்தால் கதவை உடைக்காமல் திறந்து பாத்திட்டுப் போகும்."

"பகிடி விடாதீங்க. குறிப்புக்கு இந்த மெஷின் இருக்கட்டும், டெலிபோன் வயரைக் கழட்டிடுவோம். மெயிலுக்கு வேற ஒண்ணு வைப்போம். நான் ஒரு பழசு கொண்டாந்து தாறேன்."

"ஒரு மனுசிக்கு ரெண்டு மெஷினோ? பாக்கிறவை சிரிப்பினம்."

"ஆரு வந்து பாக்கிறா இங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

போகிறபோதெல்லாம் சொன்னேன். அந்த விசாரிப்பு ஃபைலையாவது அழியுங்கள் என்றேன். "பாப்பம்" என்பார். முன்பின் தெரியாத ஆள் அனுப்புகிற படத்தைத் திறக்காதீர்கள் என்றேன். "படம் திறக்காமல் மாப்பிள்ளையை மணந்தோ பாக்கிறது?" என்றார். அவர் தொழில் அது. முன்பின் தெரியாத ஆட்கள் படம் அனுப்புவதும், இவர் திறந்து பார்ப்பதும்தான் தொழில்.

அடுத்த வருஷம் லொட்ஜில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் சத்தம் போட்டேன்.

"என்னவாச்சும் செஞ்சுக்கங்க. இனி என்னைக் கூப்பிட வேணாம்."

"கூப்பிடேல்லை, போம்" என்றார். இரண்டு பேருக்கும் ரோசம்.

மூன்று கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. இன்றைக்கும் எனக்குள் கிடந்து அறுப்பது அந்த மூன்று கிழமைதான். போயிருந்தால் தடுத்திருப்பேனா, தெரியாது. ஆனால் போகவில்லை.

நாலாம் கிழமை அக்கா டெலிபோன் எடுத்தார். "தம்பி, மெஷின் தன்ர பாட்டிலை ஏதோ செய்யுது. ரெண்டு நாளாய் என்ர லைன் எந்த நேரமும் எங்கேஜ் எண்டு சனம் ஏசுது. இப்ப வயரைக் கழட்டிப்போட்டுத்தான் கதைக்கிறன்."

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமி இறக்கி அடையாள அட்டை பார்த்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா டெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றார். மறுபக்கத்தில் கனடாவிலிருந்து ஒரு பெண்குரல் எனக்கே கேட்டது: "அக்கா, உங்கட லிஸ்டை ஏன் எனக்கு அனுப்பினனீங்கள்?"

நடந்தது இதுதான். 'மாப்பிள்ளை படம்' என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. அக்கா திறந்தார். படம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். அது படமில்லை, புழு. அந்த வகைப் புழு ஒரு களவுத் தபால்காரன் மாதிரி. மெஷினுக்குள் கிடக்கிற கடதாசி ஒன்றை உருவி, அட்ரஸ் புத்தகத்தில் இருக்கிற எல்லாருக்கும் போட்டுவிடும். அது உருவியது விசாரிப்பை. அட்ரஸ் புத்தகத்தில் நூற்று நாற்பத்திரண்டு பேர்.

அக்கா கதிரையில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிரோஜினியின்ர வரியும் போயிருக்குமோ?"

"முழு ஃபைலும் போயிருக்கும் அக்கா."

"அப்ப எல்லாரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுவம்" என்று எழுந்தார்.

மூன்று நாள் கூப்பிட்டோம். நான் நம்பர் வாசிப்பேன், அவர் டெலிபோன் கார்ட்டைச் சுரண்டிச் சுரண்டி அடிப்பார். காலையில் அவுஸ்திரேலியா, பகலில் லண்டன், பின்னேரம் கனடா விடியும். முதலில் கூப்பிட்டது டொரொண்டோ மாப்பிள்ளையின் பெரியம்மாவை. பேச்சு நடந்தது அவரோடுதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

லண்டனில் ஒரு தகப்பன் எடுத்தார். "ஆர்? அன்னபாக்கியமோ? நாங்கள் இப்ப ஒண்டும் பாக்கேல்லை. மகளுக்கு முடிஞ்சுது" என்று வைத்துவிட்டார். முடித்து வைத்ததே அக்காதான். திரும்ப எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

இன்னொருவர் சிரித்தார். "என்னட்டை உங்கட எழுத்து இல்லை அக்கா. எல்லாம் இங்கிலிஸ் எழுத்தாய்க் கண்டபடி வந்துது. எறிஞ்சுபோட்டன்." அந்த நாளில் தமிழ் எழுத்தைத் தனியாக மெஷினில் போட்டிருந்தால்தான் வாசிக்கலாம். அக்கா கண்ணை மூடி, "முருகா, எல்லாற்ற மெஷினும் அப்பிடி இருக்கோணும்" என்றார்.

ஸ்கார்பரோவில் ஒரு அம்மா எல்லாவற்றையும் வாசித்திருந்தார். "தாய் வாய்க்காரி எண்டு எழுதி வைச்சிருக்கிறியள். ஆருக்கடி வாய்? எனக்கோ வாய்? என்னைப்போல வாய் திறக்காத மனுசி இந்த ரோட்டிலை இருக்கோ?" இருபது நிமிஷம் விடவில்லை. அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த மூன்று நாளில் சிரித்தது அந்த ஒருதரம்.

எண்பது, தொண்ணூறு பேரிடம் கதைத்திருப்போம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருடைய பிறந்த நிமிஷம் அக்காவுக்கு மனப்பாடம். 'நீங்கள் எப்பிடி இருக்கிறியள் அக்கா' என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்ததனால் தெரியும்.

பெரியம்மாவின் நம்பரை மணிக்கொருதரம் அடித்தோம். எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மணி அடித்தது, ஆனால் டெலிபோனில் இல்லை, வாசலில். சரோஜினிதேவி. செத்துப்போன ஒரு வாத்தியாரின் மனைவி, மெல்லிய மனுஷி. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை. பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கக்கூடாது என்ற பயம். அடிக்குரலில் பேசினார், அது சத்தத்தைவிட மோசம்.

"மாப்பிள்ளையின்ர பெரியம்மா கோல் எடுத்தவ. 'உங்களுக்கு மகன் ஒருத்தன் இருக்கிறானாமே' எண்டு கேக்கிறா. அன்னம், என்ர பிள்ளையை எழுதி வைக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"சரோஜினி, இரும். மெஷினிலை ஒரு வைரஸ்..."

"வைரசுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ? அறுநூறு பேர் கிடக்க என்ர பிள்ளையைத் தேடிப் பிடிச்சு அனுப்புமோ?"

அக்கா மெஷினைப் பார்த்தார்.

"உம்மைவிட ஆர் இந்த மெஷினைத் திறக்கிறது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"இராமர்தான் வந்து பாக்கிறவர்."

அவ்வளவுதான் சொன்னார். பொய்யில்லை.

சரோஜினிதேவி அப்போதுதான் என்னை ஒரு ஆளாகப் பார்த்தார். "எவடம் நீர்?"

"கொட்டாஞ்சேனை."

"எவ்வளவுக்குக் குடுத்தனீர்? ஆருக்குக் குடுத்தனீர்? அதையாவது சொல்லும். எங்கை ஓடுறதெண்டு நாங்கள் தெரிஞ்சுகொள்ள வேண்டாமே?"

அக்கா பேசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். 'அந்தப் பிள்ளை எத்தனையோதரம் சொன்னது, நான்தான் கேட்கவில்லை' என்று ஒரு சொல். காலிக்குப் போகிற ரயில் வந்தது. ஜன்னலெல்லாம் ஆடியது. ரயில் போய் முடிந்த பிறகும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஸ்க்ரூட்ரைவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த நாள் காலையில் தாயும் மகளும் தாங்களே ஒரு வான் பிடித்துப் போய்விட்டார்கள். சட்டி பானையெல்லாம் அனெக்ஸில் அப்படியே கிடந்ததாம். எயார்போட் என்றார்கள் சிலர். நீர்கொழும்பு என்றார்கள், வவுனியா என்றார்கள். அவர்களுடைய டெலிபோன் வேலை செய்யவில்லை. அந்தப் பெரியம்மாவின் ஆட்கள் வேறு பெண் பார்த்தார்கள். அந்த லிஸ்டை வைத்து யாரும் யாரையும் தேடிப் போனார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒழுங்கையில் என் பெயர் மட்டும் பரவியது. கொட்டாஞ்சேனை ஆள் சீ.ஐ.டி.க்கு விற்றுவிட்டான். அது சனத்துக்கு விளங்குகிற கதை. புழு விளங்காது.

இரண்டு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். செருப்பு ஒரு சோடி வெளியே கிடந்தது. டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் இருந்த இரண்டு மணித்தியாலத்தில் அது ஒருதரமும் அடிக்கவில்லை. ஒருவரும் வருவதில்லை, லிஸ்டில் பெயர் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

"உள்ளுக்கை இருக்கிறதை ஒருத்தரும் எடுக்கேலாமல் செய்யும் தம்பி. நாகேந்திரத்தின்ர புரோகிராமும் வேண்டாம்" என்றார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, நாலு இடத்தில் ட்ரில் போட்டேன். ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கல்லுக்குப் போய், கடலில் எறிந்துவிட்டு வந்தேன். அறுநூறு குறிப்பும் போனது. முதலாம் இலக்கமும் அதோடு போனது. அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சித்திரையில் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பொரளையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். நோர்வேயில் இருந்த தங்கச்சிக்கு அறிவித்தோம், வரச் சரிவரவில்லை. நான் இரண்டு நாளுக்கொருதரம் சோறு கட்டிக்கொண்டு போனேன். கோபம் கோபமாகவே இருந்தது, கால் போனது. நேர்ஸ் நோனா ஒருநாள் என்னைப் பார்த்து, "புத்தாத?" என்று சிங்களத்தில் கேட்டார். மகனா என்று. "ஒவ்" என்றேன், ஆமாம் என்று. இல்லையென்று விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லை.

அக்கா கண்ணை மூடுவதற்கு முன் நான் கடைசியாகப் போன அன்று அக்காவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"அண்டைக்கு எனக்கு வாய் வரேல்லை, இராமர்."

"விடுங்கக்கா."

"பயம். என்னைத்தான் பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டு பயம். அதாலை உம்மைக் காட்டினன்."

நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சட்டையை விடவில்லை.

"சரோஜினி ஒருநாள் வருவா. எங்கை இருந்தாலும் வருவா. அப்ப மெஷின் எண்டு சொல்லாதையும். வைரஸ் எண்டும் சொல்லாதையும், அவவுக்கு விளங்காது. இராமர் பத்துத்தரம் சொன்னவர், அன்னபாக்கியம் கேக்கேல்லை எண்டு சொல்லும். எழுதி வைச்சது அன்னபாக்கியம் எண்டு சொல்லும்."

"சொல்றேன்."

கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு மறுபடியும் என் கையை இழுத்தார்.

"நிரோஜினிப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ எண்டும் ஒருக்கால் கேட்டுப் பாரும்."